ரீஸ்டார்ட் கேள்வி எந்தத் திரையில் வரும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் கம்ப்யூட்டர் பக்கத்தில் மெயின்ஃப்ரேம் பற்றி வந்த கட்டுரையை இங்கே ஜோகன்னஸ்பர்க்கில் போனில் படித்தேன். நல்ல கட்டுரைதான். வங்கியும் இன்சூரன்ஸும் இன்னும் அந்தப் பெரிய இரும்புப் பெட்டிகளை நம்பித்தான் ஓடுகின்றன என்று தமிழில் யாராவது எழுதினால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் முடிக்கிற இடத்தில், இந்த இயந்திரங்கள் நின்றுபோனாலும் ஆள் துணையில்லாமல் தாமாகவே எழுந்துகொள்ளும் என்கிற மாதிரி ஒரு வரி போகிற போக்கில் வந்துவிட்டது. அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை. மிட்ரண்ட் பக்கம் பல வருஷமாக இசட்விஎம் சிஸ்டம் புரோகிராமராக இருக்கிறேன். இங்கே உள்ள இயந்திரங்களை ராத்திரியில் கவனித்துக்கொள்கிற பிள்ளைகள் சென்னையில் சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள், அந்த வரியை நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஎம் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரே பெரிய வீட்டைத் தடுத்து ஒண்டுக்குடித்தனமாகப் பத்துப் பேருக்கு விடுவதைப் போல, ஒரே மெயின்ஃப்ரேமைப் பல தனித்தனி இயந்திரங்களாகக் காட்டுகிற சிஸ்டம் இது. உள்ளே குடியிருக்கிற ஒவ்வொருவருக்கும் தனிச் சிபியு, தனி டிஸ்க், இயந்திரத்தோடு பேசத் தனித் திரை (அதுதான் கன்சோல்) இருப்பதாகத் தோன்றும். அறுபதுகளில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஐபிஎம் ஆட்கள் சிபி-67 என்று செய்து பார்த்தது, 1972 ஆகஸ்டில் விஎம்/370 என்று வெளியே வந்தது, 2000-த்திலிருந்து இசட்விஎம். இன்றைக்கு அதற்குள் குடியிருப்பது பெரும்பாலும் லினக்ஸ்தான், நூற்றுக்கணக்கில் கூட. எல்லாக் குடித்தனத்தையும் மேய்க்கிற மேல் அடுக்குக்குச் சிபி என்று பெயர். கன்ட்ரோல் புரோகிராம். விஷயமே இந்தச் சிபி எழுந்திருக்கிற நேரத்தில்தான் இருக்கிறது.

அந்த எழுப்புகிற வேலைக்கு ஐபிஎல் என்று பெயர். (2009-ல் இங்கே டர்பனிலும் செஞ்சூரியனிலும் வந்து ஆடினார்களே, அது இல்லை.) எச்எம்சி என்கிற கட்டுப்பாட்டுக் கணினியில் லோட் என்பதைத் தேர்ந்தெடுத்து, எந்த டிஸ்கிலிருந்து எழ வேண்டும் என்று முகவரி கொடுத்தால், முதலில் சேப்பல் என்கிற சின்ன லோடர் வரும், அது சிபியை மெமரிக்குள் கொண்டுவரும், சிபி பாராமீட்டர் டிஸ்கில் இருக்கிற சிஸ்டம் கன்ஃபிக் என்ற கோப்பைப் படிக்கும், அப்புறம் ஒரு கேள்வி கேட்கும். வார்மா, ஃபோர்ஸா, கோல்டா, கிளீனா என்று. இது சும்மா மரியாதைக்குக் கேட்கிற கேள்வி இல்லை. வார்ம் என்றால் ஸ்பூலில் (அச்சுக்கோ கைமாற்றவோ கோப்புகள் வரிசையில் நிற்கிற இடம்) இருந்த கோப்புகளெல்லாம் போனபோது இருந்தபடி திரும்பக் கிடைக்கும். வார்முக்கு வேண்டிய தகவல் கெட்டுப்போயிருந்தால் ஃபோர்ஸ். கோல்ட் என்று அடித்தால் பயனாளர்களின் ஸ்பூல் கோப்புகள் போச்சு. கிளீன் என்றால் அதோடு, பலரும் பகிர்ந்துகொள்ளச் சேமித்து வைத்த செக்மென்ட்டுகள் என்கிற மெமரித் துண்டுகளும் போச்சு. நாங்கள் கட்டளை அடித்து வேலை செய்கிற சிஎம்எஸ்ஸே எழ முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும். ஒரு வார்த்தைதான், ஆனால் யார் அடிக்கிறார்கள் என்பது முக்கியம்.

சரி, அந்தக் கேள்வி எந்தத் திரையில் வரும்? உங்கள் கட்டுரையாளர் மட்டுமில்லை, இந்தத் தொழிலில் பத்து வருஷம் இருந்தவர்களில் பாதிப் பேரிடம் கேட்டாலும் "கன்சோலில் வரும்" என்பார்கள். எந்தக் கன்சோல்? அங்கேதான் திருதிருவென்று முழிப்பார்கள்.

சிஸ்டம் கன்ஃபிக் கோப்பில் ஆபரேட்டர் கன்சோல்ஸ் என்று ஒரு வரி உண்டு. அதில் முகவரிகள் வரிசையாக இருக்கும்: 0020, 0021 என்று நாலு இலக்கத்தில், பிறகு சிஸ்டம் 3270, சிஸ்டம் கன்சோல் என்று இரண்டு சிறப்புப் பெயர்கள். சிஸ்டம் 3270 என்பது எச்எம்சி-க்குள்ளேயே திறக்கிற முழுத்திரை ஜன்னல் (3270 என்பது ஐபிஎம்மின் பழைய டெர்மினல் வகை). சிஸ்டம் கன்சோல் என்பது அதே எச்எம்சி-யில் ஆபரேட்டிங் சிஸ்டம் மெசேஜஸ் என்று வரி வரியாக ஓடுகிற இடம். சிபி இந்த வரிசையை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போகும், உயிரோடு இருக்கிற முதல் ஆளைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் திரைதான் அன்றைக்கு ஆபரேட்டர். அந்தத் திரைக்கு முன்னால் ஆள் இருக்கிறாரா, அவருக்கு விஷயம் தெரியுமா, அறை பூட்டியிருக்கிறதா என்பதெல்லாம் சிபிக்குத் தெரியாது, அதன் கவலையும் இல்லை. ஒருத்தரும் கிடைக்காவிட்டால் வெயிட் ஸ்டேட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இது ஏட்டில் படிக்கச் சுலபமாகத்தான் இருக்கும். நடந்ததைச் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். குளிர்கால ஞாயிற்றுக்கிழமை, மைக்ரோகோட் (இயந்திரத்தின் உள் மென்பொருள்) மாற்றுவதற்காக இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். வேலை முடிந்து எச்எம்சி-யில் லோட் கொடுத்தாயிற்று. லோட் பாராமீட்டரை வெறுமையாக விட்டதால் சேப்பல் திரை காட்டாமலே பழைய இயல்பு மதிப்புகளோடு போய்விட்டது, அது சரிதான், வழக்கம்தான். பிறகு ஒன்றுமே வரவில்லை. எச்எம்சி-யில் மெசேஜ் ஜன்னல் வெறுமை. முழுத்திரை ஜன்னலும் வெறுமை. சென்னையில் இருந்த பையன் போனில் "சார், உங்க பக்கம் கேள்வி வந்துச்சா?" என்கிறான், இங்கே இருக்கிற ஆள் "உங்க பக்கம் வரலையா?" என்கிறார். ஆளுக்கு ஆள் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டு நேரம் ஓடுகிறது. டிஸ்க் ஆட்களைக் கூப்பிட்டாயிற்று, ஹார்ட்வேர் கம்பெனி இன்ஜினியர் கையைப் பிசைகிறார், மேனேஜர் மறுபடி லோட் கொடுத்துப் பாருங்கள் என்று துடிக்கிறார்.

எங்களோடு ஒரு பெரியவர் இருந்தார். டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த தமிழர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், கோயில் பாட்டும் வீட்டுப் பேச்சும், ஆனால் என்னிடம் பிடிவாதமாகத் தமிழில்தான் பேசுவார். அவர் எச்எம்சி-யைப் பார்த்தார். எல்பார் (பெட்டிக்குள் எங்கள் சிஸ்டத்துக்கு ஒதுக்கிய பங்கு) நிலை ஆபரேட்டிங் என்று காட்டிக்கொண்டிருந்தது. "தம்பி, கன்சோல் கிடைக்கலேன்னா இது நாட் ஆபரேட்டிங்-ன்னு காட்டணும். ஓடிட்டுத்தான் இருக்கு. வேற யாரையோ கேட்டுக்கிட்டு நிக்குது. லிஸ்ட்ல முதல்ல எது இருக்கு?" என்றார். அவ்வளவுதான், விஷயம் உடைந்துவிட்டது.

முதலில் இருந்தது 0020. அது ஓஎஸ்ஏ-ஐசிசி வழியாக வருகிற 3270 திரை. பழைய காலத்து 3174 கன்ட்ரோலருக்குப் பதிலாக, மெயின்ஃப்ரேமிலேயே செருகிய நெட்வொர்க் அட்டை ஒன்று கன்சோல் கன்ட்ரோலராக நடிக்கும். நெட்வொர்க்கில் எந்தப் பிசியிலிருந்தும் டிஎன்3270 மென்பொருளைத் திறந்து அதோடு இணைந்தால், சிபியின் கண்ணுக்கு அது நேரடியாக வயர் போட்ட டெர்மினல். அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் ஒரு டெவலப்பர், வெள்ளிக்கிழமை எதையோ சோதிக்கப்போய், அந்த 0020 செஷனைத் திறந்து அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். சிபி எழுந்தது, 0020-ஐத் தட்டியது, உயிர் இருந்தது, கேள்வியை அங்கே போட்டுவிட்டு விடிய விடியக் காத்திருக்கத் தயாராகிவிட்டது. செக்யூரிட்டியிடம் சாவி வாங்கி மாடியேறிப் போய்ப் பார்த்தால், இருட்டு அறையில் ஒரே ஒரு மானிட்டர், ஸ்டார்ட், அடைப்புக்குறிக்குள் வார்ம், ஃபோர்ஸ், கோல்ட், கிளீன் என்று பச்சை எழுத்து. பக்கத்து மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன ரூயிபோஸ் டீ கப். துப்புரவுக்கு வருகிற அம்மா தூசி தட்டும்போது கை பட்டிருந்தால்? எனக்கு அதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்கும்.

அந்த டெவலப்பரை யாரும் திட்டவில்லை, திட்டவும் கூடாது என்பது என் கட்சி. ஐசிசி அமைப்பிலேயே ஒவ்வொரு செஷனுக்கும் இன்ன ஐபி முகவரியிலிருந்து மட்டும்தான் வரலாம் என்று கட்டிப்போட வசதி இருக்கிறது. அதைச் செய்யாமல் கன்சோல் முகவரியைத் தெருவில் போட்டுவைத்தது யாரோ ஒரு தனி ஆள் இல்லை, வருஷக்கணக்காக அந்தப் பட்டியலை யாருமே திறந்து பார்க்காததுதான். அதில் இருந்த இன்னொரு முகவரி, எப்போதோ குப்பைக்குப் போன டெர்மினலுடையது. அதைப் போட்டவர் ஓய்வுபெற்று எந்த ஊரிலோ பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்.

சென்னைப் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். நீங்கள் தினம் விபிஎன் போட்டு, எமுலேட்டர் திறந்து, இசட்விஎம் லோகோ வந்ததும் லாகான் செய்கிறீர்களே, அந்தத் திரை ரீஸ்டார்ட் நேரத்தில் உங்களுக்குக் கைகொடுக்காது. அது வருவது, நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற டிசிபிஐபி என்கிற ஒரு மெய்நிகர் இயந்திரத்தின் வழியாக. அந்த டிசிபிஐபியே சிபிக்குள் குடியிருக்கிற ஒரு குடித்தனக்காரர்தான். சிபி எழுந்து, கேள்விக்குப் பதில் வாங்கி, ஆபரேட்டரை உள்ளே விட்டு, மற்ற குடித்தனக்காரர்களை எழுப்புகிற ஆட்டோலாக்1 ஓடி, அப்புறம் டிசிபிஐபி எழுந்த பிறகுதான் உங்கள் திரைக்கே உயிர் வரும். அதனால் கேள்வி கேட்கிற நேரத்தில் நீங்கள் தினம் பார்க்கிற அந்த ஜன்னல் இல்லவே இல்லை. ஐசிசி வேறு, அது சிபிக்கு வெளியே ஹார்ட்வேரில் ஓடுவது, எச்எம்சி வேறு. இந்த மூன்றும் பார்க்க ஒரே மாதிரி 3270 திரைதான், குழப்பம் அங்கேதான் வருகிறது. ராத்திரி ஷிப்டில் சேர்ந்த புதுப் பையனுக்கு இதை யாராவது முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிறார்களா? நான் பேசிப் பார்த்தவரை, இல்லை. சிஸ்டம் எழுந்த பிறகு என்றால் கவலையில்லை, லாகான் ஆபரேட்டர் ஹியர் என்று அடித்து ஆபரேட்டரை நம் திரைக்கு இழுத்துக்கொள்ளலாம். அந்த வசதி முதல் கேள்விக்கு முன்னால் கிடையாது.

இங்கே தென்னாப்பிரிக்காவில் இதில் ஒரு கூடுதல் தலைவலி, லோட் ஷெட்டிங். உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2022, 2023-ல் ஸ்டேஜ் 6 வரை போய், ஒரு நாளைக்குப் பல முறை இரண்டு மணி, நான்கு மணி நேரம் என்று கரண்ட் போகும். எப்போது கரண்ட் போகும் என்று சொல்கிற எஸ்காம்சேபுஷ் என்கிற ஆப் இல்லாத போனே இங்கே இருக்காது. சாம்பாருக்குப் பருப்பு வேகப்போடுவதே அதைப் பார்த்துத்தான். 2024 மார்ச்சிலிருந்து நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் அந்தக் காலத்தில் நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. மெயின்ஃப்ரேமுக்குக் கரண்ட் போகாது. யுபிஎஸ், டீசல் ஜெனரேட்டர் எல்லாம் அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். போவது கன்சோலுக்கு. ஆபரேட்டர் அறையில் இருக்கிற பிசி எந்தப் பிளக்கில் செருகியிருக்கிறது? இங்கே யுபிஎஸ் சர்க்யூட்டுக்குச் சிவப்புப் பிளக் பாயிண்ட் வைப்பார்கள், எர்த் பின்னின் ஒரு பக்கம் சீவியிருக்கும், சாதாரணப் பிளக் அதில் போகாது. யாரோ ஒருத்தர் அந்தச் சிவப்புப் பிளக் கிடைக்கவில்லை என்று பக்கத்தில் வெள்ளைப் பாயிண்டில் பிசியைச் செருகியிருப்பார். இல்லையென்றால் பிசி சிவப்பில் இருக்கும், நடுவில் இருக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச் வெள்ளையில் இருக்கும். கரண்ட் போன அந்த நேரம் பார்த்துச் சிபி தடுக்கி விழுந்து தானே ரீஸ்டார்ட் ஆனால், பட்டியலில் முதல் ஆள் செத்துக் கிடப்பார், இரண்டாவது ஆளும் அதே ஸ்விட்சில் இருந்தால் அவரும்தான். ஆகவே, பட்டியலில் நான்கு முகவரி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவரிடம் நான் கேட்பது, அந்த நான்கும் எந்தெந்தச் சுவரில் செருகியிருக்கின்றன, எந்தெந்த ஸ்விட்ச் வழியாக வருகின்றன என்பதுதான். நான்கும் ஒரே வயரில் தொங்கினால் அது ஒரு கன்சோல்தான்.

இதற்கு மறுமொழியாக உங்கள் கட்டுரையாளர், கேள்வியே வராமல் செய்கிற வழி இருக்கிறதே என்று சொல்லலாம். இருக்கிறது. சிஸ்டம் கன்ஃபிக்கில் ஃபீச்சர்ஸ் வரியில் ஆட்டோ வார்ம் ஐபிஎல் என்று போட்டுவிட்டால், எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை சிபி கேட்காமலே வார்மாக எழுந்துகொள்ளும். நானும் பல இடங்களில் போட்டிருக்கிறேன், நல்ல வசதிதான். அவர் எழுதிய வரி இதை மனதில் வைத்துத்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் வார்முக்கு வழியில்லாதபோது சிபி மறுபடி ஆளைத்தான் தேடும். அதாவது நல்ல நாளில் ஆள் வேண்டாம், கெட்ட நாளில்தான் ஆள் வேண்டும். ஆட்டோ வார்ம் போட்ட இடங்களில் என்ன ஆகிறது என்றால், வருஷக்கணக்காக யாரும் அந்தக் கேள்வியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள், அது எந்தத் திரையில் வரும் என்பதும் மறந்துபோயிருக்கும், அப்புறம் ஒரு ராத்திரி வரும்.

அதுவும் இல்லாமல், கேள்வி வரவில்லை என்றாலும் ஆபரேட்டர் என்கிற யூசர் ஏதாவது ஒரு திரையில் லாகான் ஆகத்தானே வேண்டும்? தேர்ந்தெடுத்த திரையில்தான் ஆகும். முக்கியமான மெசேஜ் எல்லாம் அங்கேதான் போகும். இரண்டாவது மாடி பூட்டிய அறைக்கு. எமர்ஜென்ஸி மெசேஜ் கன்சோல்ஸ் என்று தனியாக இன்னொரு வரி இருக்கிறது, சிபி விழப்போகிற நேரத்தில் கத்துவதற்கு. இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஒன்றை மட்டும் திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணாவிடம் பழைய கதை கேட்டால் நேரம் போவதே தெரியாது. விஎம்/370 காலத்தில் இந்தப் பட்டியல் ஒரு கோப்பில் இல்லை, டிஎம்கேரியோ என்கிற அசெம்ப்ளர் மாட்யூலில் ரியோஜென் மேக்ரோவில் கன்சோல் இன்னது, மாற்றுக் கன்சோல் இன்னது என்று எழுதி, அசெம்பிள் செய்து, சிபியின் கருவான நியூக்ளியஸையே புதிதாகக் கட்ட வேண்டும். கன்சோல் மாற்றுவது என்றால் ஒரு வார இறுதி வேலை. அதனால் யாரும் விளையாட்டுக்குக் கை வைக்க மாட்டார்கள், எந்த முகவரி எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் மனப்பாடம். கன்சோலும் 3215, தட்டச்சு இயந்திரம் மாதிரி தாளில் அடிக்கும். யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது தாளிலேயே இருக்கும், மறுநாள் நான் இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. அந்தக் காலமே மேல் என்று நான் சொல்ல வரவில்லை, அண்ணாவும் சொல்லமாட்டார். நியூக்ளியஸ் கட்டிக் கட்டி அவர் தவறவிட்ட ஈஸ்டர் திருவிழாக்களுக்குக் கணக்கில்லை. இங்கே குட் ஃப்ரைடேயிலிருந்து திங்கள்வரை நான்கு நாள் லீவு, இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும், டேட்டா சென்டர் மேனேஜர்களுக்கோ அதே நான்கு நாளில்தான் பெரிய ரீஸ்டார்ட் வேலையெல்லாம் வைக்கத் தோன்றும். இன்றைக்கு டெக்ஸ்ட் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். அதனாலேயே எவரும் திருத்தலாம், திருத்தாமலும் விடலாம்.

என் கருத்து என்ன என்று கேட்டால், முதலில் சிஸ்டம் 3270, அடுத்து ஐபி கட்டிப்போட்ட ஐசிசி திரை ஒன்றோ இரண்டோ, கடைசியில் சிஸ்டம் கன்சோல். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு. எச்எம்சி ஜன்னல் மந்தம், அதில் வேலை செய்வது கடுப்பு, ஐசிசி முதலில் இருக்கட்டும் என்பார்கள். மந்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் லோட் பட்டனை அமுக்குவது வழக்கமாக எச்எம்சி-யில்தான். ஆகவே லோட் கொடுக்கிற ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கேயே கேள்வியும் வருவதுதான் நியாயம். ஒன்று மட்டும்: அந்த ஒருங்கிணைந்த 3270 ஜன்னலை முதலில் திறந்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் லோட் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டு லோட் கொடுத்த பிறகு திறக்கிறவர்களால்தான் பாதிப் பிரச்சினை. சந்தேகமாக இருந்தால் லோட் பாராமீட்டரில் எஸ்ஒய்எஸ்ஜி என்று நான்கு எழுத்து அடியுங்கள், சேப்பல் திரையே அந்த ஜன்னலில் வந்து நிற்கும், கீழே ஐபிஎல் பாராமீட்டரில் கன்ஸ் என்று போட்டு சமக்குறிக்குப் பின்னால் எஸ்ஒய்எஸ்ஜி என்று சேர்த்து எஃப்10 அமுக்கினால் பட்டியலில் என்ன கிடந்தாலும் கேள்வி அங்கேயே வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை இது ஒன்று யாருக்காவது நினைவு வந்திருந்தால் மாடி ஏறியிருக்க வேண்டாம்.

இதையே, சேப்பலை டிஸ்கில் எழுதுகிற சாலிபிஎல் வைத்து டிஸ்கில் நிரந்தரமாகப் பதித்துவிடலாமே என்று கேட்பார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. அடுத்து வருகிற ஆள் சிஸ்டம் கன்ஃபிக்கைத் திறந்து பார்ப்பார், பட்டியலைத் திருத்துவார், ஒன்றும் மாறவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். விஷயம் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

பேரிடர் மாற்று மையம் வைத்திருப்பவர்கள் அங்கே உள்ள முகவரிகளையும் சேர்க்க வேண்டும், அங்கே 0020 என்பது டேப் டிரைவாகக்கூட இருக்கலாம். பல இசட்விஎம்களைச் சேர்த்துக் கட்டிய எஸ்எஸ்ஐ கிளஸ்டர் என்றால் எல்லாச் சிஸ்டமும் ஒரே சிஸ்டம் கன்ஃபிக்கைத்தான் படிக்கும், ஆகவே வரிக்கு முன்னால் சிஸ்டம் பெயரைப் போட்டுப் பிரித்து எழுத வேண்டும். திருத்திய பிறகு, கோப்பைச் சரிபார்க்கிற சிபிசின்டாக்ஸ் ஓட்டிப் பார்க்காமல் யாரும் எழுந்து போகாதீர்கள். அது எழுத்துப்பிழையைப் பிடிக்கும், ஆனால் நீங்கள் போட்ட முகவரியில் ஆள் இருக்கிறாரா என்று சொல்லாது.

கேள்வி சரியான திரையில் வந்த பிறகும் ஒரு வம்பு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வார்ம் என்று பதில் சொன்னதும், இப்போது மணி இன்னது என்று காட்டி, கடிகாரத்தை மாற்றவா, வேண்டாமா என்று கேட்கலாம். இங்கே நேரம் கிரீன்விச்சுக்கு இரண்டு மணி முன்னால், சென்னை ஐந்தரை மணி முன்னால். மாதிரிக் கோப்பில் வருகிற அமெரிக்க நேர மண்டலத்தை மாற்றாமல் விட்ட இடத்தில், சென்னையில் இருக்கிற பையன் மூன்றாவதாக ஒரு நேரத்தைப் பார்த்துவிட்டு, அடடா தப்பாக இருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் யெஸ் அடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினால், அதற்குள் குடியிருக்கிற லினக்ஸ் அத்தனைக்கும் நேரம் குழம்பும், மாதம் 25-ஆம் தேதி சம்பளம் போடுகிற ராத்திரியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். டைம்ஸோன் டெஃபினிஷன் வரியில் எஸ்ஏஎஸ்டி (தென்னாப்பிரிக்க நேரம்), கிழக்கு, இரண்டு மணி என்றும், டைம்ஸோன் பவுண்டரி வரியில் அந்த எஸ்ஏஎஸ்டி-யையே என்றும் ஒரு தடவை எழுதிவைத்தால் இந்த வம்பே வராது.

படிக்கிற இளைஞர்களுக்கு: இதையெல்லாம் பார்க்க மெயின்ஃப்ரேம் வாங்க வேண்டியதில்லை. ஹெர்குலிஸ் என்று ஒரு எமுலேட்டர் 1999-லிருந்து இருக்கிறது, இலவசம், சாதாரண லேப்டாப்பில், ராஸ்பெர்ரி பையில்கூட ஓடும். அதில் பழைய விஎம்/370-ஐ எழுப்பிப் பாருங்கள். 3215 கன்சோலும் வரும், வார்மா கோல்டா கேள்வியும் வரும். அப்புறம் கன்சோல் முகவரியை வேண்டுமென்றே தப்பாகப் போட்டு ஐபிஎல் செய்து பாருங்கள், யார் வேலையும் கெடாது. வேலைக்குச் சேர்ந்த இடத்தில், உங்கள் மேலாளரிடம் கேட்டு, அடுத்த திட்டமிட்ட ரீஸ்டார்ட்டின்போது ஆபரேட்டர் கன்சோல்ஸ் வரியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகவரியாக அந்தத் திரை எங்கே இருக்கிறது என்று நேரில் நடந்துபோய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், போய்ப் பாருங்கள்.

ஆசிரியர் அவர்களே, கட்டுரையாளர் மேல் எனக்கு வருத்தமில்லை, அடுத்த பாகம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார், நிச்சயம் படிப்பேன். அதில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திப் போட்டால் போதும்: ஆள் துணையில்லாமல் எழும் என்பதற்குப் பதிலாக, ஆட்டோ வார்ம் போட்டு, ஒழுங்காக நிறுத்தியிருந்தால், கன்சோல் பட்டியல் சரியாக இருந்தால் எழும் என்று.

இப்படிக்கு,
மிட்ரண்டிலிருந்து ஒரு வாசகர்
தென்னாப்பிரிக்கா